165 நிமிடம்: மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய பதில் போன வாரம் கைக்கு வந்தது. மொத்தம் மூன்று வரி. "வெளியிலிருந்து கொண்டுவரப்படும் மருந்துகளைச் செலுத்துவது மருத்துவமனை விதிகளுக்கு முரணானது. நோயாளிக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது. தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது."

நான் அனுப்பிய புகார் நான்கு பக்கம். நான் கொண்டுவந்த மருந்தை ஏன் போடவில்லை என்று அதில் எங்குமே கேட்கவில்லை. அடிசன் நோய்க்காரியான எனக்கு, உங்கள் அவசரப் பிரிவின் தட்டில் இருந்த அதே ஹைட்ரோகார்டிசோன் ஊசியை 165 நிமிடம் ஏன் போடவில்லை என்றுதான் கேட்டிருந்தேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டீர்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையோ உங்கள் பெயரையோ எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். பத்தொன்பது வருஷமாகத் தொகையையும் நேரத்தையும் குறித்துவைத்தே பழகிய கை. சென்ற ஐப்பசியில் அந்த இரவு நடந்ததையும் நேரத்தோடு சொல்ல முடியும். பாதி நேரங்கள் என் கணவரின் கைப்பேசியில் இருக்கின்றன, மீதி உங்கள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கின்றன. அந்தக் கேஸ் ஷீட்டின் நகலை வாங்க 26 நாள் ஆனது. அதை எழுதினால் இன்னொரு மடலாகிவிடும், விடுங்கள்.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குப் பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம். அன்று இரவு பதிவு மேசையில் "எனக்கு அடிசன்" என்று சொன்னதும், "அது யாரு, உங்களைப் பார்க்கிற டாக்டரா?" என்று கேட்டார்கள். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

அந்த டாக்டர் 1855இல் லண்டனில் இந்த நோயை விவரித்த தாமஸ் அடிசன். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிடும் நோய் இது. அவர் காலத்தில் பெரும்பாலும் காசநோய்தான் காரணம். நம் ஊரில் இன்றும் அதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கும் முதலில் வயிற்றை ஸ்கேன் எடுத்து டிபி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். இல்லை. ரத்தத்தில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. கிருமிகளை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பிகளைத் தின்று தீர்த்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தது 2016இல். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தைக் கேளுங்கள். 9 கிலோ இறங்கினேன். காலையில் எழுந்தால் கண் இருட்டும். முகமும் விரல் மூட்டுகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்துக்கொண்டே போயின. சிசேரியன் தழும்பு மையால் கோடு போட்டதுபோல் ஆனது. ஈறுகூடக் கறுத்தது. சிவந்த தோல்காரர்களுக்கு இப்படி ஆனால் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று பிறகு சொன்னார்கள். மாநிறமான என்னைப் பார்த்து எல்லோரும் சொன்னது, "வெயில்ல அலையாதே." பெரியம்மா ஒருத்தி கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தவர் யாருமில்லை.

உப்பு இன்னொரு கூத்து. எலுமிச்சை ஊறுகாயை வெறும் வாயில் தின்பேன். மோரில் யாரும் பார்க்காதபோது ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். கருவாட்டுக் குழம்பு வைத்த சட்டியை வழித்து நக்கியதை மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிறுநீரில் உப்பு ஓடிக்கொண்டிருந்தது, உடம்பு அதைத் திரும்பக் கேட்டது, அவ்வளவுதான் விஷயம். அப்போது அது யாருக்குத் தெரியும்? "இந்த வயசுல இவ்வளவு உப்பா? பிரஷர் வந்துடும்" என்றார்கள். பிரஷர் பார்த்தால் 90க்கு 60. "லோ பிரஷர்தானே, நல்லதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. ஆகா, இதுதான் காரணம் என்று எல்லோருக்கும் நிம்மதி. தைராக்சின் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் சுருண்டு விழுந்தேன். தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், அதோடு அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் செலவும் கூடும். கையிருப்பே இல்லாதவளிடம் செலவை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? அட்ரீனல் குறைபாடும் தைராய்டும் சேர்ந்திருந்தால் கார்டிசாலை முதலில் கொடுத்துவிட்டுத்தான் தைராக்சினைத் தொட வேண்டும் என்பது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அரிச்சுவடி. ஒன்றைக் கண்டுபிடித்த நிம்மதியில் மற்றொன்றைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நோய் தனியாக வருவது குறைவு, கூட்டாளிகளோடு வரும். எனக்குத் தைராய்டு ஒன்று. 38 வயதில் மாதவிலக்கு நின்றது இரண்டு. பி12 குறைந்து மாதாமாதம் ஊசி போடுவது மூன்று. புறங்கையில் வெண்புள்ளி நான்கு. ஒரே கையில் விரல் மூட்டு கறுத்தும் அதற்கு இரண்டு அங்குலம் மேலே தோல் வெளுத்தும் இருக்கும். பணம் வாங்க வருகிறவர்கள் நோட்டைப் பார்ப்பதற்குமுன் கையைப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொள்ளுமா என்று முகத்துக்கு நேரே கேட்டவரும் உண்டு. அது பழகிவிட்டது.

காலை ஆறு மணிக்கு எழுந்ததும் கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை ஹைட்ரோகார்டிசோன் 10 மில்லிகிராம், மதியம் 5, மாலை நான்கு மணிக்கு 5. அதற்குப் பிறகு சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். கூடவே உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் 100 மைக்ரோகிராம். நல்ல உடம்பு காய்ச்சலோ அடியோ பட்டால் கார்டிசாலைப் பல மடங்கு சுரந்துகொள்ளும். எனக்கு அது என் கையில். காய்ச்சல் என்றால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், கடுமையான காய்ச்சல் என்றால் மூன்று மடங்கு. வாந்தி வந்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் ஊசிதான். வேறு வழி கிடையாது. இதையெல்லாம் என் டாக்டர் ஒரு அட்டையில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். லேமினேட் செய்து வங்கி அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டியிருக்கிறேன். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இதே நோய்தான் என்று அவர் ஆறுதல் சொன்னதுண்டு. கென்னடிக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருந்திருப்பார். எனக்கு அட்டைதான்.

சரி, அந்த இரவு.

சாயங்காலம் ஒரு வளைகாப்பில் சாப்பிட்டேன். ஒன்பதரைக்கு வயிற்றுப்போக்கு. பத்தே காலுக்கு மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டேன், பத்து நிமிடத்தில் வாந்தியில் வந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. வீட்டில் இரண்டு குப்பி மருந்தும் ஊசியும் எப்போதும் இருக்கும். தெருவில் உள்ள ஒரு செவிலியர் போட்டுவிடுவார். அன்று அவர் ஊரில் இல்லை. என் கை நடுங்கியது. கணவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மருந்தைக் கரைக்கும் ஊசித் தண்ணீர் இருந்த கண்ணாடி ஆம்பூலை உடைத்தார், அது விரலைக் கிழித்துக்கொண்டு தரையில் சிதறியது. அவர் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருந்தது எங்கள் தப்பு. அதை உங்கள் தலையில் கட்டவில்லை. இப்போது ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகியிருக்கிறார்.

கிளம்புமுன் மாமியார் பாசத்தோடு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான்கு மடக்கு குடித்தேன். வயிற்றுப்போக்கு என்றால் நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. என் உடம்பிலோ ஏற்கெனவே சோடியம் வடிந்து பொட்டாசியம் தேங்கியிருக்கும். அன்பில் கொடுத்ததும் எனக்கு ஆகாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் காரில் உங்கள் வாசலுக்கு வந்து பதிவு செய்தது 12.40. அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

12.48க்கு எழுதிய குறிப்பில் ரத்த அழுத்தம் 70க்கு 40. சர்க்கரை 58. உடனே சலைன் ஏற்றினார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன், அதுவும் சிகிச்சையில் பாதி. வாந்திக்கு ஒரு ஊசி, வயிற்றுக்கு ஒரு ஊசி. என் கணவர் அட்டையையும் இரண்டாவது குப்பியையும் நீட்டினார். பணி மருத்துவர் சின்னப் பெண், என் அக்கா மகள் வயசுதான் இருக்கும். அட்டையை வாங்கிப் படித்தார். முழுசாகப் படித்தார். குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெளி மருந்து போடக் கூடாதும்மா" என்றார்.

"உங்கள் மருந்தையே போடுங்கள்" என்றார் கணவர்.

"ஃபுட் பாய்சன் மாதிரி இருக்கு. இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஸ்டீராய்டு போட முடியாது. பிளட் ரிப்போர்ட் வரட்டும், சீனியர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

எனக்கு அப்போது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான். இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, சொறிந்துகொண்டே. செவிலியர் வந்தார், மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னார், "அவில், எஃப்கார்லின் போட்டுடுங்க." பத்து நிமிடத்துக்குள் போட்டாயிற்று. அவில் அலர்ஜிக்கான ஊசி. எஃப்கார்லின் என்பது ஹைட்ரோகார்டிசோன். என் அட்டையில் எழுதியிருந்த அதே மருந்து, அதே 100 மில்லிகிராம் குப்பி, என் கட்டிலிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்த தட்டிலிருந்து. அந்தப் பையனுக்குக் கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அரிப்புக்குக் கைகூசாமல் எடுக்கிற மருந்தை, அது இல்லாவிட்டால் செத்துப்போகிறவளுக்கு எடுக்கக் கை ஏன் கூசியது என்பதுதான் என் கேள்வி. நான்கு பக்கப் புகாரில் இதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தேன்.

2.35க்கு ரிப்போர்ட் வந்தது. சோடியம் 121, ரொம்பக் குறைவு. பொட்டாசியம் 6.1, ரொம்ப அதிகம். அப்புறம் மூத்த மருத்துவருக்குத் தொலைபேசி. முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. எடுத்ததும் அவர் ஒரே வார்த்தையில் "போடு" என்றிருக்கிறார். ஊசி போட்ட நேரம் கேஸ் ஷீட்டில் 3.25 என்று இருக்கிறது. 12.40க்கும் 3.25க்கும் நடுவே 165 நிமிடம். காசாளர் கணக்கு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து கணவரிடம், கதவைப் பூட்டினீர்களா என்று கேட்டேனாம்.

உங்கள் விதியை நான் மதிக்கிறேன். முகம் தெரியாத ஆள் நீட்டும் 500 ரூபாய் நோட்டை நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். குப்பியில் இருப்பது என்ன, காலாவதியானதா, எப்படி வைத்திருந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நியாயம்தான். ஆனால் அந்த விதி என் குப்பியைத்தான் தடுக்கிறது. உங்கள் குப்பியை எந்த விதி தடுத்தது?

ரிப்போர்ட் வரட்டும் என்றது இரண்டாவது காரணம். கார்டிசால் போதாமல் உடம்பு இப்படிச் சரிவதுதான் அட்ரீனல் நெருக்கடி; அதில் பரிசோதனை முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல். சந்தேகம் வந்தாலே உடனே 100 மில்லிகிராம், முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சலைன், அடுத்த 24 மணி நேரத்தில் இன்னும் 200 மில்லிகிராம். ரத்தம் எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். எடுத்து வைத்துவிட்டு ஊசியைப் போடலாம். என் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை, எழுத்தில் இருந்தது.

மூன்றாவது, தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஆகாது என்ற பயம். இந்த வார்த்தையால் நான் படும் பாட்டைத் தனியாக எழுத வேண்டும். "ஸ்டீராய்டா சாப்பிடுறே? கிட்னி போயிடும், நிறுத்து" என்று அறிவுரை சொல்லாத உறவினர் இல்லை. மூலிகைக்காரர் ஒருவர் 48 நாளில் மாத்திரையை நிறுத்திக் காட்டுகிறேன் என்றார். நான் பத்து நாள் நிறுத்தினாலே ஆளே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றவர்களுக்கு மருந்தாக அதிக அளவில் நாள்கணக்கில் கொடுக்கிற ஸ்டீராய்டு வேறு, என் உடம்பு சுரக்காததை அதே அளவில் ஈடுகட்டுவது வேறு. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலின் போடாதே என்று யாராவது சொல்வார்களா? தொற்று வந்தால் நல்ல உடம்பு கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். எனக்குக் கூட்டித் தர வேண்டியது வெளியிலிருந்து. தொற்றுதான் காரணமே, அதையே தடையாக்கினால் எப்படி? உறவினர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் அதே வாக்கியத்தைக் கேட்டபோது சிரிக்கத் தெம்பில்லை.

அரிய நோய்தானே, எல்லா மருத்துவருக்கும் எப்படித் தெரியும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார். அடிசன் அரிதுதான். ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 100 முதல் 140 பேருக்கு என்று கணக்கு சொல்கிறார்கள். ஆனால் இந்த நெருக்கடி அடிசன்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். யாரோ பயமுறுத்தியதில் திடீரென்று நிறுத்துவார்கள், அல்லது வாந்தியில் மாத்திரை தங்காது. முழங்கால் வலிக்கு ஊர் பேர் இல்லாத பொட்டலத்தில் 'சூரணம்' வாங்கிச் சாப்பிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதே தெரியாதவர்களும் உண்டு. இவர்கள் உங்கள் வாசலுக்கு எந்த அட்டையும் இல்லாமல் வருகிறார்கள். வாந்தி, தலைசுற்றல், தாழ்ந்த அழுத்தம். அவர்களுக்கும் கொடுக்க வேண்டியது அதே ஊசிதான். அட்டையோடு வந்த எனக்கே 165 நிமிடம் என்றால் அட்டை இல்லாதவருக்கு எவ்வளவு?

விலை உயர்ந்த மருந்தா என்றால் அதுவுமில்லை. கார்டிசோன் ஆராய்ச்சிக்காக கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்தால் பெரும்பாலும் மரணம்தான். இன்று இந்த ஊசி ஒரு சினிமா டிக்கெட்டை விட மலிவு. எனக்கு ஐசியுவில் புதுக் கருவி வேண்டாம், எட்டடி நடந்தால் போதும்.

இதில் அந்தப் பணி மருத்துவரைப் பிடித்துத் தண்டித்துவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். மறுநாள் மாலை அவர் தானாக என் கட்டிலுக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "படிக்கும்போது ஒரு பக்கம் படிச்சோம், நேர்ல பார்த்தது உங்களைத்தான் முதல் தடவை" என்றார். தொடர்ந்து எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார் என்று கேட்டேன். இருபதாவது மணி நேரமாம். என் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று அவருக்குத் தேவைப்பட்டது தைரியமாக எடுத்து ஊசி போட அனுமதிக்கும் ஒரு தாள். சுவரில் ஒட்டிய, உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அது இல்லாதது அவர் குற்றமில்லை.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இரைப்பைக் குடல் அழற்சி, நீரிழப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அடிசன் என்ற சொல்லே இல்லை. அட்ரீனல் நெருக்கடி என்றும் இல்லை. ஹைட்ரோகார்டிசோன் கொடுத்த விவரம் மருந்துப் பட்டியலில் பதினோராவதாக, பான்டாப் என்ற அசிடிட்டி மருந்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அடுத்த தடவை இதே மருத்துவமனைக்கு வந்தால் கணினியில் என்ன தெரியும்? ஒரு தடவை வயிறு கெட்டு வந்தவள் என்று தெரியும். நோய் உங்கள் ஏட்டில் இல்லை என்றால் தாமதமும் உங்கள் ஏட்டில் இருக்காது. எங்கள் வங்கியில் இப்படி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார்.

இப்போது நான் கேட்பது.

என் புகாரைத் திரும்பத் திறந்து, உங்கள் தட்டில் இருந்த மருந்தைப் போட ஏன் 165 நிமிடம் ஆனது என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் தாருங்கள். வெளி மருந்து விதியைப் பற்றி இன்னொரு கடிதம் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி, நோயின் பெயரையும் அன்று நடந்தது அட்ரீனல் நெருக்கடி என்பதையும் ஊசி போட்ட நேரத்தையும் எழுதித் தாருங்கள். என் பதிவு எண்ணைத் திறந்தாலே முதலில் சிவப்பில் அந்த எச்சரிக்கை தெரியும்படி கணினியிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவுக்கு ஒரு நிலையான உத்தரவு போடுங்கள். அட்ரீனல் குறைபாடு என்று அட்டையோ சீட்டோ வைத்திருப்பவரும், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரும், வாந்தியோடோ தாழ்ந்த அழுத்தத்தோடோ மயக்கத்தோடோ வந்தால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் முதலில், ரிப்போர்ட் பிறகு. மூத்தவரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள், அதுதான் முக்கியம். அந்தத் தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மருந்துத் தட்டுக்கு மேலேயே ஒட்டுங்கள். செவிலியர்களும் அதைக் காட்டி மருத்துவரிடம் கேட்க முடிய வேண்டும்.

பதிவு மேசையில் "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதோடு "ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தீங்களா, இப்போ நிறுத்திட்டீங்களா" என்பதையும் சேருங்கள். பிரிட்டனில் 2020 முதல் இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் ஸ்டீராய்டு அவசர அட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் புறநோயாளிப் பிரிவில் நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை அச்சடித்துக் கொடுங்கள். அச்சுக் கூலிக்கு எங்கள் ஊர்க்காரர்களிடம் நானே வசூல் செய்து தருகிறேன்.

உங்கள் மருந்தகத்தில் ஃப்ளூட்ரோகார்டிசோன் வையுங்கள். 2022இல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. இன்றும் எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலை எடுத்து நீட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேருந்து ஏறிப் போய் வாங்கி வருகிறேன்.

கடைசியாக, வார்டில் இருக்கும்போதே வீட்டார் ஒருவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். இருபது நிமிட வேலை. பயிற்சிக்கு ஆரஞ்சுப் பழம் நான் வாங்கித் தருகிறேன். என் கணவரும் வந்து காட்டுவார், இப்போது ஆம்பூலை விரல் கிழியாமல் உடைக்கிறார்.

எழுத்தில் பதிலை 30 நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். சுவரில் ஒட்டிய தாளை அடுத்த ஐப்பசிக்கு முன் நானே வந்து பார்க்கிறேன். நடந்து வருவேன் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அன்று இரவு இறால் பையனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள்